தலைமாட்டு மணி

எல்லாளன் அநுராதபுரத்திலிருந்து அரசு செலுத்திய நாளிலே தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டுவித்து, அதன் நீண்ட கயிறு வெளியே எட்டும்படி செய்திருந்தான் என மகாவம்சம் கூறுகின்றது. முறை வேண்டி வந்தோர் எவராயினும் அக்கயிற்றை இழுக்கலாம். திருவாரூரில் மனுநீதிச் சோழன் தூக்கிய ஆராய்ச்சி மணியின் கதையும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானதே. இவ்விரு கதைகளையும் வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் நாம் கன்றையும் தேரையும் மைந்தனையும் பற்றியே விரித்துரைக்கின்றோம். மணி எவ்விடத்திற் கட்டப்பட்டிருந்தது என்பதை ஆராய்வார் இலர். எல்லாளன் தன் மணியைக் கோட்டை வாயிலிற் கட்டி, அதனை ஒரு காவலனிடம் ஒப்புவித்துவிட்டு உறங்கச் சென்றானல்லன். தன் தலைமாட்டிலேயே கட்டினான். தான் உறங்கினாலும் மணி தன்னை எழுப்புதல் வேண்டும் என்பதே அவன் கருத்து.

இப்பழங்கதையை ஈண்டு நினைவூட்டுதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலை மாத நடுவில், ஈராக் நாட்டின் கூட் நகரிலே, திறந்து சில நாள்களே சென்றிருந்த ஐந்து மாடிப் பேரங்காடி ஒன்று தீப்பற்றியது. 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலரைக் கொன்றது தீயன்று, புகையே. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் ஹொங்கொங் நகரின் தைப்போ பகுதியிலே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எரிந்து 150க்கு மேற்பட்ட உயிர்கள் அழிந்தன. எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை என அங்கே குடியிருந்தோர் முறையிட்டனர். மணிகள் செவ்வனே இயங்கவில்லை என்பதை அந்நகரத் தீயணைப்புத் துறையும் பின்னர்ச் சோதித்து அறிந்தது. மணி இல்லாமையால் அன்று. இருந்தும் வாய் திறவாமையால் நேர்ந்த கேடு இது. நம் நாட்டுக்கும் நமக்கும் இதிலே பாடம் யாது?

முதற்கண் என் குற்றம் ஒன்றனைச் சொல்லிவிடுகின்றேன். தீபாவளிக்கு இரு வாரங்களின் முன் ஒருநாள், சேலை வாங்கும்பொருட்டு மனைவியோடும் மகளோடும் மாடிக்கடை ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கடையின் பெயர் ஈண்டு வேண்டா. அக்கடை மாத்திரம் அவ்வாறானது என்று யான் எண்ணவுமில்லை. நாம் மூன்றாம் மாடியில் நின்றபோது திடீரென ஒரு மணி வீறிட்டு ஒலிக்கலாயிற்று. எவரும் அசைந்திலர். சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை மடிப்பைக் கைவிடவில்லை. அருகே நின்ற முதிய அம்மையார் ஒருவர், "உதென்ன தம்பி சத்தம்?" என்று கடைப்பையனைக் கேட்டார். "ஒண்டுமில்லை அம்மா, உது இடைக்கிடை உப்பிடித்தான் அடிக்கும்" என்றான் அவன். பின்னர்ப் பதிவு செய்யப்பட்ட குரலொன்று ஆங்கிலத்தில் இருமுறை ஏதோ கூறிற்று. அம்மையார் அண்ணாந்து பார்த்துவிட்டு, மீண்டும் சேலையின் கரையைத் தடவலானார். சற்று நேரத்தில் மணி ஓய்ந்தது.

யானும் அசைந்திலேன் என்பதே என் குற்றம். கையிற் பற்றுச்சீட்டு இருந்தது. மீதிப் பணம் வரவேண்டியிருந்தது. ஆங்கிலக் குரல் கட்டடத்தை விட்டு நீங்குக என்று சொன்னதை விளங்கிக்கொண்டவன் யான். விளங்கியும் நின்றேன். இறங்கி வரும்போது அவசர வழி என எழுதிய கதவைப் பார்த்தேன். அதன்மேலே ஓடுகின்ற மனிதனின் பச்சை உருவம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன்முன்னே துணிப்பொதிகள் மார்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்த மணி மெய்ம்மணியாய் இருந்திருப்பின், மகளின் கையைப் பற்றி அழைத்துச் செல்ல வேண்டிய யான் மீதிக்காசுக்காகக் காத்து நின்றவன் ஆவேன் அல்லனோ?

இதனை என் இளமைக்காலக் கொக்குவிலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றேன். அக்காலத்தில் எம்மூரிற் கிடுகால் வேய்ந்த வீடுகளும் கிடுகு வேலிகளும் மிகுதி. பங்குனி சித்திரை வெயிலில் ஓர் அடுப்புப்பொறி பறந்தாற் போதும். ஒழுங்கை முழுவதும் எரிந்துவிடக்கூடும். தீப்பற்றிய வீட்டார் குளறுவர். அக்குளறல் அடுத்த வளவுக்குப் பாயும். அங்கிருந்து அதற்கடுத்த வளவுக்குப் பாயும். கோயிலில் நிற்பவர் ஓடிச்சென்று மணியை அடிப்பார். காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் உரிய நேரமல்லாத நேரத்தில் மணி ஒலித்தால் ஏதோ கேடு நேர்ந்தது என்பதை ஊர் அறியும். துலாக்கள் ஒருங்கே தாழும்; வாளிகள் கைமாறும்; நனைத்த சாக்குகளோடு இளைஞர் கூரையில் ஏறுவர். எல்லைத் தகராற்றினாற் பேச்சில்லாதிருந்த இரு குடும்பத்தார் ஒரே கிணற்றில் அள்ளி ஒரே கூரையில் ஊற்றியதை யான் கண்டிருக்கின்றேன்.

அவ்வெச்சரிக்கைக்கு மூன்று இயல்புகள் இருந்தன. ஒன்று, அடித்தவர் யாரென்பது கேட்டவருக்குத் தெரியும். அவர் வீணாக அடியார் என்ற நம்பிக்கையும் உண்டு. இரண்டு, அது கேட்போருக்கு விளங்கும் மொழியிலே வந்தது. மூன்று, கேட்டவர் ஒவ்வொருவருக்கும் செய்யவேண்டிய தொழில் ஒன்று இருந்தது. அதனை அவர் முன்னரே அறிந்துமிருந்தார். இம்மூன்றனையும் மனத்திற் கொண்டு, கருவிகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஓசையால் அறிவுறுத்தும் கலை நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் ஐந்திணைக்கும் தனித்தனிப் பறை வகுத்தனர். ஏறுகோட்பறை கேட்டால் முல்லை நிலத்தான் ஏறு தழுவ வருவான். மீன்கோட்பறை கேட்டால் நெய்தல் நிலத்தான் கடற்கரைக்கு வருவான். ஒரு பறையின் ஓசையை மற்றொன்றாக எவரும் மயங்கார். அங்காடிக்கும் காவல் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தனர். மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி பாடும். புகார் நகரத்து நாளங்காடியில் ஒரு காவற்பூதம் நிறுவப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். பொருளும் கூட்டமும் ஓரிடத்திற் சேர்ந்தால் ஆபத்தும் அங்கே சேரும் என்னும் தெளிவே அப்பூதத்தின் பொருள் எனலாம். இக்காலத்துப் பூதமோ மாடத்தின் கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை நிற வட்டப் பெட்டியாகும்.

அப்பெட்டி அங்கே வந்து சேர்ந்த வழி நீண்டது. 1852ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே வில்லியம் சானிங் என்னும் மருத்துவரும் மோசஸ் பார்மர் என்னும் பொறியியலாளரும் தந்திக்கம்பியைக் கொண்டு நகர் முழுவதற்குமான தீ எச்சரிக்கை முறை ஒன்றனை அமைத்தனர். தெருவிலுள்ள பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் அப்பெட்டியின் எண் மத்திய நிலையத்துக்குச் செல்லும். எண்ணைக் கொண்டு தீயின் இடத்தை அறிவர். குரல் எட்டாத தூரத்தைக் கம்பி எட்டியது. ஆயினும் கைப்பிடியைச் சுழற்ற ஒரு மனிதன் வேண்டியிருந்தான்.

மனிதன் இல்லாமலே தீயை அறியும் கருவி அடுத்த படி. எடிசனின் உடனுழைப்பாளரான பிரான்சிஸ் அப்ரன் 1890இல் மின்சாரத் தீ எச்சரிக்கைக் கருவிக்கு உரிமை பெற்றார். 1902இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து ஜோர்ஜ் டார்பி வெப்பத்தால் இயங்கும் கருவிக்கு உரிமை பெற்றார். இவை வெம்மையை உணர்வன. வெம்மை எழுமுன்னரே புகை எழுந்துவிடும். உறங்குவோரைப் புகையே முதலிற் கொல்லும். ஆதலால் இவற்றின் எச்சரிக்கை பலகால் பிந்தியே வந்தது.

புகையை உணரும் கருவி தற்செயலாகப் பிறந்தது என்பர். 1930களில் சுவிற்சர்லாந்து நாட்டு இயற்பியலாளர் வால்ரர் யேகர் நச்சுவாயுவை உணரும் கருவியொன்றைச் செய்ய முயன்றார். வாயுவுக்கு அது அசைந்திலது. சலிப்புற்று அவர் ஒரு சிகரெற்றைப் பற்றவைத்தபோது கருவியின் முள் அசைந்தது! நச்சுவாயுவைத் தேடியவருக்குப் புகை அகப்பட்டது. அவர் நாட்டவரான ஏர்ன்ஸ்ற் மெயிலி இவ்வழியை மேலும் வளர்த்தார். 1960களில் அமெரிக்காவில் டுவேன் பியர்சல் முதலானோர் மின்கலத்தால் இயங்கும் சிறிய புகையுணரியை வீடுகளுக்கு ஏற்றதாக்கினர். அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருளின் மிகச் சிறு துணுக்கு அத்தகைய புகையுணரியின் உள்ளே இருக்கும். ஒளிக்கதிர் புகைத்துகளிற் பட்டுச் சிதறுவதைக் கொண்டு அறியும் வேறொரு வகையும் உண்டு.

நீர்தெளிப்பானின் வரலாறும் இதனோடு சேர்ந்ததே. 1874இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்துப் பியானோ உற்பத்தியாளர் ஹென்றி பார்மலி தம் தொழிற்சாலையைக் காக்கத் தானியங்கி நீர்தெளிப்பானை அமைத்தார். பிரெடெரிக் கிரினெல் பின்னர் அதனைத் திருத்தினார். இக்காலத்து நீர்தெளிப்பான்களில் செந்நிற நீர்மம் நிறைந்த சிறு கண்ணாடிக் குமிழைக் காணலாம். வெப்பம் ஏறத்தாழ 68 பாகை செல்சியசை எட்டியதும் குமிழ் வெடிக்கும், நீர் பொழியும். திரைப்படங்களிற் காட்டுவதுபோலக் கட்டடம் முழுவதும் ஒருங்கே மழை பொழிவதில்லை. தீ எங்கோ அங்கிருக்கும் குமிழ் மாத்திரமே உடையும். துணி நனைந்துவிடும் என்று அஞ்சி இதனை வேண்டாமென ஒதுக்கும் வணிகர் இவ்வுண்மையை அறிதல் நன்று.

குரல், கம்பி, இயந்திர மூக்கு என மூன்று படிகளைக் கண்டோம். கருவி வளர வளர மரணம் குறைந்திருத்தல் வேண்டுமன்றோ? நன்கு பேணப்பட்ட இடங்களிற் குறைந்தே உள்ளது. ஆயின் பெரும் அங்காடித் தீக்களை எடுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை தெற்றெனப் புலப்படும். கேடு கருவியின் வாயில் நிகழ்வதிலும் மனிதனின் செவியில் நிகழ்வதே மிகுதி.

1972 மே 13ஆம் நாள் இரவு, ஜப்பானின் ஒசாகா நகரத்திலே சென்னிச்சி பேரங்காடி மூடப்பட்ட பின்னர் அதன் மூன்றாம் மாடியில் தீ மூண்டது. ஏழாம் மாடியில் இருந்த இசைக்கூடத்தார்க்கு அதனை எவரும் அறிவித்திலர். கீழே தீயும் மேலே பாட்டும் ஒருங்கே நடந்தன. புகை வந்தபின்னரே அவர் அறிந்தனர். 118 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அந்நாட்டின் குமமோட்டோ நகரத்துத் தாய்யோ பேரங்காடி எரிந்து 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜப்பானியர் இவற்றை விதியென்று விட்டிலர். 1974இல் தீயணைப்புச் சட்டத்தைத் திருத்தி, புதிய கட்டடங்களேயன்றி, முன்னரே கட்டி முடித்த பேரங்காடிகளும் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்துதல் வேண்டும் என்று கட்டளையிட்டனர். இது கருதத்தக்கது. சட்டம் இனி எழும் கட்டடங்களை மட்டும் நோக்குமாயின், இன்று நிற்கும் கட்டடத்திலுள்ள உயிர்களுக்கு அதனாற் பயன் இல்லை.

2012 மே 28ஆம் நாள் கட்டார் நாட்டின் தோகா நகரத்து வில்லாஜியோ அங்காடியில் 19 பேர் இறந்தனர். அவருள் 13 பேர் அங்கிருந்த மழலையர் காப்பகத்துக் குழந்தைகள். 2018 மார்ச் 25ஆம் நாள் ரசியாவின் கெமரோவோ நகரத்து அங்காடியில் 60 பேர் இறந்தனர். 37 பேர் சிறுவர். அங்கே எச்சரிக்கை முறை மார்ச் 19ஆம் நாள் முதல் பழுதுற்றிருந்தது. தீப்பற்றிய செய்தி கிடைத்த பின்னர்க் காவற்பணியாளர் ஒருவர் ஒலிபெருக்கி எச்சரிக்கையை நிறுத்திவிட்டார் எனப் புலனாய்வுக் குழு அறிவித்தது. வெளிவழிகள் பூட்டப்பட்டிருந்தன. ஆறு நாள்கள் ஊமையாய்க் கிடந்த மணியை எவரும் தம் தலைமாட்டு மணியாகக் கருதிலர். அந்த ஆறு நாள்களில் ஒருவன் எழுந்து, இது பழுதானது, இன்று கடை திறவற்க என்று சொல்லியிருப்பின், அவனை ஊரார் ஏசியிருப்பர். ஆயின் அப்பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பர்.

தமிழகத்தை நோக்குவோம். சென்னைத் தியாகராய நகர் நம்மவர்க்கும் பழக்கமான கடைத்தெரு. கலியாணச் சேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு செல்வோர் பலர். 2008 செப்ரெம்பரில் அங்கே இரங்கநாதன் தெருவிலுள்ள பெருங்கடை ஒன்றில் மூண்ட தீயில் ஊழியர் இருவர் இறந்தனர். 2011 ஒக்ரோபர் இறுதியில், விதிகளை மீறிய கட்டடங்கள் பலவற்றை அதிகாரிகள் முத்திரையிட்டு மூடினர். 2012 சனவரியில், பொங்கலை அண்டி, அவற்றைத் தற்காலிகமாகத் திறக்க உச்ச நீதிமன்றம் இசைந்தது. 2017 மே 31ஆம் நாள் விடியற்காலத்தில், உஸ்மான் வீதியிலுள்ள சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பற்றியது. மேல்மாடியில் இருந்த ஊழியர் மீட்கப்பட்டனர். கட்டடம் ஒருநாளுக்கு மேலாக எரிந்தது. ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. எஞ்சியதையும் பின்னர் இடிக்க நேர்ந்தது. உள்ளே புகமுடியாதபடி புகை அடைந்திருந்ததால் தீயணைப்புப் படையினர் சுவரைத் துளைக்க வேண்டியவராயினர். அத்தீ விடியற்காலத்தில் மூண்டமையால் வாங்குவோர் அங்கிலர். அதே தீ ஆடிமாதத்து மாலை ஆறு மணிக்கு மூண்டிருப்பின் யாதாகும் என எண்ணவும் நெஞ்சம் நடுங்குகின்றது.

புகை ஏன் அடைந்தது? பழைய யாழ்ப்பாணத்துக் கடைகளை நினைத்துப் பார்க்க. ஒரே மாடி, முன்புறம் முழுவதும் பலகைக் கதவு. காலையிற் பலகைகளைக் கழற்றினாற் கடையும் தெருவும் ஒன்றாகிவிடும். கடைக்காரர் இருந்த இடத்திலிருந்தே தெருவுக்குத் தாண்டலாம். இன்று கஸ்தூரியார் வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் மாடிமேல் மாடி எழுகின்றது. 2013இல் யாழ் நகரின் ஆசுப்பத்திரி வீதியிற் காகில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டபோது அதனைப் பார்க்கவே ஊர்கள் திரண்டன. குளிர்சாதனத்துக்காகச் சாளரங்கள் அடைக்கப்படுகின்றன. கண்ணாடி முகப்பு அழகு செய்கின்றது. இவற்றை யான் இகழேன். 1990களின் முற்பகுதியில் மின்சாரமே இன்றிக் குப்பி விளக்கிற் படித்த தலைமுறையைச் சார்ந்தவர்க்கு இவ்வொளி மகிழ்ச்சியே தரும். ஆயின் அடைத்த கட்டடத்திற்குத் திறந்த கடையின் வழக்கம் பொருந்தாது. வெளியே தாண்டும் வசதியை இழந்தோம். அவ்விழப்பை ஈடு செய்வதற்கென்றே மணி வைக்கப்பட்டது. மணியையும் இழப்போமாயின் நமக்கு எஞ்சுவது யாது?

நம் மண்ணிலே தீயைப் பற்றிப் பேசுவார் ஒருவர் 1981ஆம் ஆண்டைக் கடந்து செல்லுதல் இயலாது. மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் கடைகளும் பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தன. 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகமும் எரிந்தது. காக்கவேண்டிய கைகளே கொளுத்திய அத்தீயை எந்த மணியும் தடுத்திராது. ஆயின் அவ்வடு நம் உள்ளத்தில் ஒரு மயக்கத்தையும் விட்டுச் சென்றது. தீ என்றாற் பகைவன் வைப்பது என்றே நாம் எண்ணப் பழகிவிட்டோம். பகை ஓய்ந்த இடத்தில் தீயும் ஓய்ந்தது என்று வாளாவிருக்கின்றோம். மின்னொழுக்குக்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பாடசாலையில் 94 குழந்தைகளைக் கொன்ற தீ பகைவன் வைத்ததன்று. சமையற்கூடத்திலிருந்து ஓலைக்கூரைக்குத் தாவியது.

இனி, மணி கேட்டும் மனிதன் அசையாமைக்குக் காரணம் யாது என ஆராய்வோம். மணி கேட்டால் மக்கள் வெருண்டு ஒருவரை ஒருவர் மிதித்து ஓடுவர் எனப் பலர் எண்ணுகின்றனர். இதனாலேயே சில கடைக்காரர் மணியை மெல்ல நிறுத்திவிட முயல்கின்றனர். ஆராய்ச்சியாளர் கண்டது இதற்கு மாறானது. 1979 மே 8ஆம் நாள் இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரத்து வூல்வர்த்ஸ் கடை தீப்பற்றிப் பத்துப்பேர் இறந்தனர். அங்கே உணவுச்சாலையில் இருந்தோருட் சிலர் உண்டு முடிக்கும் வரையும் எழ மனமின்றி இருந்தனர் என்று பின்னர் அறியப்பட்டது. வெருட்சி அன்று, தாமதமே கொன்றது. யான் மீதிக்காசுக்கு நின்றது தனியொரு மூடச்செயலன்று. மனித இயல்பே அது என இதனால் அறிந்தேன். ஆறுதல் கொள்ளத்தக்க அறிவன்று இது.

1987 நவம்பரில் இலண்டன் கிங்ஸ் குறொஸ் நிலக்கீழ் நிலையத்துத் தீயில் 31 பேர் இறந்தபின், கைலேன் புறூ, ஜொனதன் சைம் என்னும் ஆய்வாளர் இருவர் நியூகாசில் நகரத்து நிலக்கீழ் நிலையமொன்றிற் பரிசோதனை செய்தனர். 1991இல் அவ்வாய்வு வெளிவந்தது. வெறும் மணி ஒலித்தபோது மக்கள் நெடுநேரம் தயங்கி நின்றனர். என்ன நேர்ந்தது, எவ்வழியாற் செல்லுதல் வேண்டும் என்பதனை ஒலிபெருக்கியில் மெய்யாகவே சொன்னபோது விரைந்து வெளியேறினர். மக்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் அவர்கள் நடப்பர் என்பதே அவ்வாய்வின் சாரம்.

எனவே சொல்லே உயிர் காக்கும். சொல்லாவது கேட்போருக்கு விளங்குவது. எனது கடையில் அம்மையார் அண்ணாந்து பார்த்தார் என்றேனே! அவர் செவிடரல்லர்; அறிவிலியுமல்லர். அவர் மொழியில் எவரும் அவரிடம் பேசிலர். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் கூறும். அதனை விவாத மேடையிற் கேட்ட நாம், நம் உயிருக்கான அறிவித்தலிற் கேட்க மறந்தோம். தமிழ் வாழ்க என்று எழுதிய கடையிலேயே, ஓடுக என்னும் சொல் தமிழில் இல்லை! மொழிப்பற்று என்பது விழா மேடையோடு நிற்பதன்று. சிங்களம் மட்டும் அறிந்த பயணி ஒருவர் நம் கடையில் நின்றால் அவருக்கும் அவர் மொழியிற் சொல்லுதல் நம் கடன். தீ எவர்க்கும் மொழிபெயர்ப்பாளரை அழைத்து வாராது.

வீண்மணியின் கேட்டையும் நோக்குதல் வேண்டும். புலி வருகிறது என்று கூவி ஊரை ஏமாற்றிய சிறுவன் கதையை யார் அறியார்? இடைக்கிடை உப்பிடித்தான் அடிக்கும் என்றால், அக்கருவி பொய் சொல்லப் பழகிவிட்டது என்பதே பொருள். தூசி அடைந்த புகையுணரியும் வலுவிழந்த மின்கலமும் பொய்ம்மணிக்கு ஏதுக்கள். துடைத்தலும் மாற்றலும் பெருஞ்செலவு தரும் தொழில்களல்ல. யான் முன்னர்க் கற்பித்த பாடசாலை ஒன்றில் தீப்பயிற்சி நடத்தினோம். பாடசாலை விடும் மணியையே அதற்கும் அடித்தோம். பிள்ளைகள் ஆரவாரித்துப் புத்தகப் பைகளோடு துவிச்சக்கரவண்டிகளை நோக்கி ஓடினர்! பிழை பிள்ளைகளதன்று, ஏறுகோட்பறைக்கும் மீன்கோட்பறைக்கும் ஓசை வேறுபடுத்திய முன்னோரின் வழிவந்த ஆசிரியராகிய எமதே.

இவ்வளவும் செய்ய வணிகர்க்குப் பொருள் ஏது எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. சிறு கடைக்காரர் ஒருவர் கடன்பட்டு மாடி எழுப்புகின்றார். கருவிகளுக்குப் பெருஞ்செலவு உண்டு. ஆயினும் பொருள் வேண்டாத செயல்களை முதலிற் செய்யலாமே. அவசர வழியின் முன் பொதி அடுக்காமை இலவசம். அக்கதவைப் பூட்டாமை இலவசம். எச்சரிக்கைச் சொற்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதிவு செய்ய ஒரு நாழிகை போதும். மாதத்துக்கு ஒருமுறை, வாடிக்கையாளர்க்கு முன்னறிவித்து, மணியைச் சோதித்து, சோதித்த நாளையும் சோதித்தவர் பெயரையும் வாயிலில் எழுதி வைக்கலாம். கோயிலில் மணியடித்தவரை ஊர் அறிந்திருந்ததுபோல, கடையிலும் மணிக்குப் பொறுப்பாளர் இன்னார் என நாம் அறிதல் வேண்டும். விற்பனைப் பெண்பிள்ளைகளுக்கு, மணி கேட்டதும் சேலையைக் கீழே வைத்து வாங்குவோரைப் படிக்கட்டுக்கு அழைத்துச் செல்லும் அதிகாரம் வேண்டும். விற்பனை கெட்டது என்று அவர்களை முதலாளி கடிதல் கூடாது. இது மிக இன்றியமையாதது. சம்பளத்துக்கு அஞ்சும் ஊழியர் மணிக்கு அஞ்சார்.

மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் கடமை உண்டு. கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும் நாளில் மாத்திரம் பார்த்து அமைதல் போதாது. ஆண்டுதோறும் சென்று மணியை ஒலிப்பித்துக் கேட்டல் வேண்டும். ஜப்பானியர் செய்தவாறு, பழைய கட்டடங்களுக்கும் காலவரையறை விதித்தல் வேண்டும். பாடசாலைகள் தவணைக்கு ஒருமுறை தனியோசையோடு பயிற்சி நடத்துதல் வேண்டும். பயின்ற பிள்ளை கடையிலும் தாயின் கையைப் பற்றி இழுக்கும்.

வாங்குவோராகிய நமக்கோ கடமை ஒன்றே. மாடியேறியதும் இறங்கும் வழி எது என்று ஒருமுறை பார்த்தல். அடைத்திருப்பின், தம்பி, இதனை எடுத்து வையும் என்று நாணாமற் கேட்டல். மணி ஒலித்தால் மீதிக்காசை விட்டு நடத்தல். வருமுன் காவாதவனது வாழ்க்கைக்கு வள்ளுவர் உவமை தேடியபோது, தீயின்முன் வைத்த வைக்கோற்போரையே எடுத்தார். கேடு வந்தபின் வைக்கோலுக்கு ஓடத் தெரியாது. நமக்குக் கால் உண்டு.

அன்று நடந்த செய்தியை இதனோடு முடிக்கின்றேன். மறு வாரம் அக்கடைக்கு மீண்டும் சென்றேன். உரிமையாளர் இளைஞர், என்னிடம் படித்தவரல்லர், ஆயினும் ஆசிரியர் என்றதும் எழுந்து நின்றார். பொதிகளைப் பற்றிச் சொன்னேன். தலையைச் சொறிந்தார், இடமில்லை என்றார். பின்னர்ப் பையன்களை அழைத்து, "உதுகளை இண்டைக்கே பின்னுக்குக் கொண்டுபோங்கோ" என்றார். மணியைத் திருத்தும் ஆளுக்கும் சொல்லி அனுப்புவதாகக் கூறினார். பொதிகள் எத்துணை நாள் பின்புறத்தில் இருக்கும் என அறியேன். ஆதலால் தைப்பொங்கலுக்கு முன்னும் ஒருமுறை சென்று பார்ப்பேன். எல்லாளனுக்கு மணி தலைமாட்டில் இருந்தது. நமக்கு அத்துணை அரசு இல்லை. இடைக்கிடை சென்று கயிற்றை இழுத்துப் பார்க்கும் கையாவது இருத்தல் வேண்டும்.